சுத்தப் பக்கத்துக்காரி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்று இப்போதே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பெரியவளுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடியும்போதே நீராவி எழுந்து—" வேண்டாம். சலவை என்றாலே எல்லோரும் நீராவியைத்தான் கிளப்புவார்கள்.

நேராகவே சொல்கிறேன். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழும் ஓரகத்திகள் இருவர். ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கூடத்துக்கு நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெரியவள் அழுக்குப் பக்கம். கையுறை, முகமூடி, ரத்தமும் வாந்தியும் ஒட்டிய விரிப்புகள். சின்னவள் சுத்தப் பக்கம். இளஞ்சூட்டோடு வருவதை மடித்து அடுக்குவாள். அவளுக்காகச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். அன்றைக்குக் காலியாக இருந்த இடம் சுத்தப் பக்கம். அதே இடத்தைக் கேட்டுக் கேட்டுப் பெரியவளுக்கு வாய் வலித்திருந்தது.

2

இதுவரை எல்லா வேலையிடத்திலும் இருக்கிற வயிற்றெரிச்சல்தான். அதனால் பெரியவளின் மகளைக் கூட்டிவருகிறேன். நாலு வயது.

பெரியவள் வீட்டுக்கு வந்து, தலைமுழுகி, துணி மாற்றிக்கொண்டு கையை நீட்டுகிறாள். குழந்தை முகர்ந்து பார்க்கிறது.

"அம்மா மேல மருந்து நாத்தம். நான் சித்திகிட்டப் படுத்துக்கறேன்."

"வாடி என் தங்கம்," என்கிறாள் சின்னவள். "நீங்க நிம்மதியாத் தூங்குங்கக்கா."

"சின்னவ நடந்து போனாலே வீடு மணக்குது," என்கிறார் மாமியார்.

"என்னையும் அந்தப் பக்கம் விட்டா நானும் மணப்பேன், அத்தை."

"உனக்குத்தான் வாயே மணக்குதே."

(சின்னவளைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் குழந்தையைக் கிள்ள வைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன், அது கிள்ளுகிற கை இல்லை. எழுதுகிறவள் நான், ஆனால் நல்ல பேச்செல்லாம் அவள் வாயில்தான் போய் உட்காருகிறது. எனக்கு எரியாதா?)

3

டாக்டர் கோட்டுகளைப் பை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். அன்று பெரியவளின் விரலில் ஒரு பேனா தட்டுப்பட்டது.

(உட்பொருள் தேடாதீர்கள். டாக்டர் கோட்டில் பேனாதான் இருக்கும்.)

அவள் அதை எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டாள். அந்த மெஷினுக்கு இரண்டு கதவு. அழுக்குப் பக்கம் போட்டதைச் சுத்தப் பக்கத்தில்தான் எடுக்க முடியும். ஈரத்தில் கண்டுபிடித்தால் மைக்கறையைப் போக்கிவிடலாம். டிரையர் சூட்டில் காய்ந்துவிட்டால் போகவே போகாது. அப்போது பழி, கவனிக்காமல் டிரையரில் போட்டவள் தலையில். சின்னவளுக்கு இது ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது.

"இன்னொரு தடவை கறையோட காய வெச்ச, நீ அந்தப் பக்கம், உங்கக்கா இந்தப் பக்கம்," என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அப்புறம் குழந்தை யாரிடம் படுக்கும்? பெரியவள் அதைத்தான் நினைத்தாள்.

4

மெஷின் நின்றது. சுவரிலிருந்த இண்டர்காமில் சின்னவளின் குரல்.

"அக்கா, கண்ணெல்லாம் எரியுது. ராத்திரி பூரா உங்க மக உதைச்சே கொன்னுட்டா. இந்த லோடுல பாக்கறதுக்கு ஏதாவது இருக்கா? இல்லன்னா அப்படியே டிரையர்ல தள்ளிடறேன்."

ஒரு முடிவு: "ஒண்ணுமில்ல, தள்ளு," என்கிறாள் பெரியவள். இடம் மாறுகிறது. குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. எழுதி முடித்ததும் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. அடித்தேன்.

வேறு முடிவு: "இரு, பேனா ஒண்ணு கிடக்கு," என்கிறாள். சின்னவள் யாரிடமும் மூச்சு விடாமல் கறையைப் போக்கிவிடுகிறாள். பாருங்கள், இங்கேயும் நல்ல பெயர் அவளுக்கே. இதையும் அடித்தேன்.

இன்னொன்று: இடம் மாறுகிறது. பெரியவள் மணக்கிறாள், சின்னவள் மேல் மருந்து நாற்றம். குழந்தை இருவரையும் முகர்ந்து பார்த்துவிட்டு, அப்போதும் சித்தியிடமே—

[இந்த வரியை முடிக்க என்னால் ஆகவில்லை.]

5

என்னை நம்பாதீர்கள். முதல் வரியிலிருந்தே நான் பெரியவளின் கட்சி. நான் வாயைத் திறந்தால் "தள்ளு" என்றுதான் வரும். பதிலை நீங்கள் சொல்லிவிடுங்கள். சின்னவள் ஈரக் கோட்டுகளை வண்டியில் ஏற்றிவிட்டாள், இன்னும் இண்டர்காம் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அக்கா, இருக்கீங்களா? நீங்க சொன்னாப் போதும், நான் பாக்கக்கூட மாட்டேன்."