பேசி முடித்த வரி

அந்த மாதம் ரோஸ்வீட்டாவுக்கு ஓய்வே இல்லை. பெர்லினின் மூன்று காபரே அரங்குகளில் பாடினாள்; பாட்டு இல்லாத நாட்களில் மற்றவர்கள் பாடுவதைப் போய்க் கேட்டாள். அவர்கள் உச்ச ஸ்வரத்தை எப்படி எட்டுகிறார்கள் என்பதை மட்டுமே கவனித்தாள். குளிர்காலத்திலிருந்து அவளுக்கு அது எட்டவில்லை. அந்த ஸ்வரம் வரும் கடைசி வரியைப் பாடாமல், மேடைக்கு முன்மேசையில் இருப்பவர்களிடம் சொல்வதுபோலப் பேசி முடித்துக்கொண்டிருந்தாள். குரல் எட்டாததுதான் காரணம் என்பது அவளுடைய பியானோக்காரன் எக்கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு பகல் காட்சியில் மெர்லெ என்ற இளம் பாடகியைக் கேட்க இருவரும் போனார்கள். தங்குதடையில்லாத குரல். கடைசி வரி வந்ததும் மெர்லெ பாட்டை நிறுத்திவிட்டு அதைப் பேசினாள். அரங்கமே கைதட்டியது.

காட்சி முடிந்ததும் மெர்லெ இவர்களிடம் ஓடிவந்தாள்.

"உங்ககிட்ட திருடினதுதான். கோவிச்சுக்காதீங்க."

"உனக்குத்தான் அந்த ஸ்வரம் வருமே."

"வரும். ஆனா அதை யாரு கேக்கறா? இழுத்துப் பாடி முடிக்கிறதெல்லாம் எங்கம்மா காலம்."

திரும்பும்போது டிராமில் எக்கார்ட் சொன்னான்: "அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடலாமே. பாவம், நல்ல குரல்."

"சொல்லு. அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் ரோஸ்வீட்டா மேடையேறினாள். கடைசி வரியில் வழக்கம்போலப் பேசினாள். முன்மேசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது ரோஸ்வீட்டாவின் காதில் விழுந்தது.

"பாத்தியா, இந்தம்மாவும் மெர்லெ மாதிரியே பண்ணிப் பாக்குது."

எக்கார்ட் அடுத்த பாட்டைத் தொடங்கினான். ரோஸ்வீட்டா வாயைத் திறந்தாள்.