மஞ்சள் சோற்றின் நுனி

மதியம் மஞ்சள் சோறு வருகிறது என்று பேராசிரியர் ஹர்ஜித்தோ காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். கூம்பாகக் குவித்து, சுற்றிலும் கோழியும் தெம்பே என்னும் சோயா வறுவலும் அடுக்கிய சோறு. நல்ல காரியம் நடந்தால்தான் அதை ஆக்குவார்கள். இங்கே நடந்த நல்ல காரியம், ஒரு பெண்ணின் ரத்தம் உறையாமல் போனது. ரத்தத்தை உறையவைக்கும் புரதம் புதுவிதமாகப் பழுதாகியிருந்தால், கண்டுபிடித்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். தன் ஊரின் பெயரில் மாலாங் என்று ஒரு புரதம் வரப்போகிறதென்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் வுர்யானிக்கு அந்தக் குதூகலத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரி துமினி, சந்தையில் முட்டைக்கோஸ் விற்பவள். தொடையெலும்பு முறிந்து ஒன்பது நாளாகக் கிடக்கிறாள். ரத்தம் உறையாதவளை அறுக்கக்கூடாது என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாயிற்று. படுத்துப் படுத்து முதுகு புண்ணாகி நாற்றமெடுக்கத் தொடங்கிவிட்டது.

ரத்தத்தை எப்போதும் நர்ஸ் எடுத்து அனுப்பிவிடுவாள். அன்று ஆளைக் காணோமென்று வுர்யானியே வார்டுக்குப் போனாள். நர்ஸ் அப்போதுதான் துமினியின் கழுத்தில் பொருத்தியிருந்த குழாயிலிருந்து ரத்தத்தை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கையில எடுக்கலையா?"

"நரம்பே கெடைக்க மாட்டேங்குதுக்கா. தினமும் இதுலதான். அடைச்சுக்கக் கூடாதுன்னு ஹெப்பாரின் விட்டு வச்சிருக்கோம். சுளுவா வருது."

ஹெப்பாரின் ரத்தத்தை உறையவிடாத மருந்து. அதுதான் இத்தனை நாளும் ரத்தத்தோடு கலந்து பரிசோதனைக்கு வந்திருக்கிறது.

கால்மணி நேரம் தடவித் தேடி, கையிலேயே ரத்தம் எடுத்தாள். சுழற்றித் தெளிவைப் பிரித்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, உறையவைக்கும் த்ராம்பினை விட்டாள். பதினேழு நொடியில் உறைந்தது. கழுத்துக் குழாயிலிருந்து எடுத்த பழைய ரத்தம் இரண்டு நிமிடமாகியும் தண்ணீராகவே ஓடியது. பிறகு ஃப்ரீசரின் அடியிலிருந்து பாம்பு விஷத்திலிருந்து செய்த, ரத்தத்தை உறையவைக்கும் மருந்தை எடுத்தாள். புரதமே பழுதென்றால் அதற்கும் சரியாக உறையாது. ஹெப்பாரினை மட்டும் அது சட்டை செய்யாது. பழைய ரத்தம் பத்தொன்பது நொடியில் கட்டியானது.

முதல் நாளே திறந்திருக்க வேண்டிய பாட்டில். "விலை ஜாஸ்தி, வேணாம்" என்று பேராசிரியர் சொன்னார். இவளும் வாயை மூடிக்கொண்டாள். புதுப் புரதத்தைப் பற்றிய மாநாட்டுக் கட்டுரையில் மூன்றாவதாக இவள் பெயர் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "மாநாட்டுக்குப் பேர் குடுத்தாச்சு வுர்யானி. இப்பப் போய் கூத்தடிக்காத. அந்தப் பொம்பள இன்னும் ரெண்டு வாரம் படுத்துக் கெடந்தா குடியா முழுகிடும்? வா, சோறு ஆறிடும்."

சீ, இவனெல்லாம் ஒரு மனிதனா என்றிருந்தது.

எல்லோரும் கூடியதும் பேராசிரியர் கூம்பின் நுனியை வெட்டித் தட்டில் வைத்து நீட்டினார். "மொத மரியாதை நம்ம வுர்யானிக்கு!" கைதட்டினார்கள். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கோழிக்காலும் கையுமாக நின்ற அறுவை மருத்துவர் பகாஸிடம் போய், பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினாள்.

"டாக்டர், இது என் ரத்தம். ஒரு சொட்டு ஹெப்பாரின் விட்டேன், உறையவே இல்ல. அப்ப நானும் மாலாங்தான். எனக்கும் ஒரு சோறு ஆக்கச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் இன்னொரு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"இது துமினி. கையிலேர்ந்து எடுத்தது. இத்தனை நாளும் ஹெப்பாரின் விட்ட குழாயிலேர்ந்து எடுத்திருக்கோம்."

சிரிப்பு நின்றது. பகாஸ் கோழிக்காலைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார். "நாளைக்குக் காலையில மொத கேஸ் அவதான்."

"கட்டுரையிலேர்ந்து உன் பேர எடுத்துடுவேன்," என்று பல்லைக் கடித்தார் பேராசிரியர்.

"எடுங்க. எனக்கே அதப் பாத்தா கொமட்டுது."

மாலையில் சேதி சொல்லப் போனபோது துமினி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் கேட்டாள்.

"ஒம்பது நாளா இது யாருக்குமே தெரியலையாக்கா?"

பூசி மெழுகியிருக்கலாம். வுர்யானிக்கு வாய் வரவில்லை.

"ஒரு பாட்டிலத் தெறந்து பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். அது என் கையிலதான் இருந்துச்சு. நான் தெறக்கல."

துமினி மெல்லத் தன் கையை உருவிக்கொண்டு, போர்வையில் துடைத்தாள்.