வேண்டாம் என்று சொல்லும் பாடம்

பால் பாக்கெட்டின் மேல் மழைத்துளிகள். கேட்டில் தொங்கும் மஞ்சள் பை. இன்னும் முழுதாக விடியாத வெளிச்சம்.

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். பால் காய்ச்சுகிறேன். காபி குடிக்கிறேன். ஏழு மணிக்குக் குளிக்கிறேன். இட்லி சாப்பிடுகிறேன். எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறேன்.

இது என் வீட்டுப்பாடம். ஜப்பானிய மொழி, முதலாண்டு, நான்காம் பாடம். 'உங்கள் காலை.' ஏழு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஏழு எழுதினேன்.

சிவப்பு மையில் ஒரு வட்டம் வந்தது. அவர்கள் ஊரில் வட்டம் போட்டால் சரி என்று அர்த்தம். என் காலையில் பிழை ஒன்றுமில்லை.

என் மனைவி சிந்துஜா இறந்து எட்டு மாதம் கழித்து அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆனி மாதம். மலையடிவாரத்தில் பல்கலைக்கழகம். சனியும் ஞாயிறும் காலை வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே சாரல்.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் இருந்தது. திருமணம் ஆனவர். ஆகாதவர். இரண்டையும் விட்டுவிட்டுக் கொடுத்தேன். வாங்கியவர் அதைக் கவனிக்கவில்லை. "கம்பெனியில அனுப்பறாங்களாங்க?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப எதுக்குங்க இந்த வயசுல?"

முப்பத்திரண்டு வயது. ரசீதை வாங்கிக்கொண்டேன். பதில் இருந்தது. எனக்குத் தெரிந்தவர் யாருக்கும் அந்த மொழி தெரியாது. அதுதான் பதில்.

தமிழில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். போயிட்டா. குடுத்து வெச்சது அவ்வளவுதான். சின்ன வயசு, இன்னொண்ணு பாத்துக்கலாம். என் சித்தப்பா இதைச் சொன்னபோது பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. அவர் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

தமிழில் நானும் ஒன்று சொல்லியிருந்தேன். ஒரு பொய்.

துக்க வீட்டில் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். வந்ததும் அழுகிறார்கள். கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறார்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "கடைசியா என்ன சொல்லுச்சு கண்ணு?"

முதலில் கேட்டவர் அவளுடைய பெரியம்மா. நான் சுவரைப் பார்த்தேன். "பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொன்னா" என்றேன்.

பெரியம்மா வாய்விட்டு அழுதார். அந்த வாக்கியம் அறையைக் கடந்து போனது. சமையலறைக்குப் போனது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே வளர்ந்தது. சாயங்காலம் அது என்னிடமே திரும்பி வந்தபோது அவள் கேட் வரை வந்து கையசைத்திருந்தாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியிருந்தாள்.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள். எழுந்து நிற்க முடியாதவள். யாரும் யோசிக்கவில்லை. வாக்கியம் நன்றாக இருந்தால் யாரும் யோசிப்பதில்லை.

டெங்கு. காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போனேன். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டில் இருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுடைய அம்மா அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு மனசுல ஒரு குறையும் இல்லாமத்தான் போயிருக்கா" என்று போனில் யாரிடமோ சொல்வது கேட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அத்தையின் குரல் நேராக நின்றது. நான் திருத்தவில்லை.

வகுப்பில் பதினொரு பேர். என்னைத் தவிர எல்லாருக்கும் இருபது வயது. அனிமே கார்ட்டூன் பார்த்து, ஆசைப்பட்டு வந்தவர்கள். என்னை அண்ணா என்பார்கள்.

"அண்ணா, வீட்ல உங்களுக்கு ஜப்பான்ல பொண்ணு பாக்கறாங்களா?" இது ஹர்ஷவர்தினி. பின் பெஞ்ச்.

"சும்மா இரு புள்ள. அண்ணன் கையெழுத்தப் பாத்தா பொண்ணு இல்ல, விசாவே குடுக்க மாட்டாங்க." இது பிரணவ்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் மலையடிவாரம் வரை போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று வயதுக் குழந்தைக்கு இருக்கும் வார்த்தைகள்தான் எனக்கு. தண்ணீர். குடை. ஸ்டேஷன். நாளை. ஒரு வார்த்தையிலும் அவள் இல்லை. சுத்தமான வார்த்தைகள். ஆள் போனதும் பினாயில் போட்டுத் துடைத்த வார்டு போலச் சுத்தம்.

புரட்டாசி முடியும்போது பதினேழாம் பாடம் வந்தது. வேண்டாம் என்று சொல்லும் பாடம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள் என்று ஒருவரைக் கேட்டுக்கொள்ளும் பாடம்.

எங்கள் ஆசிரியர் சுபத்ரா. சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். வரிசையாக எழுந்து ஆளுக்கொன்று சொல்லச் சொன்னார். இங்கே படம் எடுக்காதீர்கள். இங்கே வண்டி நிறுத்தாதீர்கள். பிரணவ், என் நோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரே சிரிப்பு.

மழை வலுத்தது. மலை மறைந்தது. ட்யூப்லைட் ஒருமுறை அணைந்து எரிந்தது. என் முறை.

யோசிக்கவில்லை. எழுந்தேன். வாய் திறந்தது. மூன்றே வார்த்தை. மூன்றும் தெரிந்த வார்த்தைகள். மாதக்கணக்கில் தனித்தனியாக என் நோட்டில் கிடந்தவை. வரிசையில் வந்து நின்றதும் தொண்டையில் வேறு யாருடைய குரலோ இருந்தது.

"சரி" என்றார் சென்செய். "அடுத்தவர்."

ஹர்ஷவர்தினி எழுந்தாள். தூங்காதீர்கள் என்றாள். நான் உட்கார்ந்தேன். நோட்டை மூடினேன். பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை. அதற்கு ஒரு 'சரி' கிடைத்தது. என்ன ஆனது, யார் சொன்னது, யாரும் கேட்கவில்லை. பாடம் பதினெட்டு அடுத்த வாரம்.

அன்று மதியம் போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் நவநீதன், சிந்துஜாவின் தம்பி. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அவளுடைய கல்லூரிப் புகைப்படம். சுற்றிலும் ரோஜாப்பூ. மேலே இரண்டு புறா. கீழே சிவப்பு எழுத்து.

'பத்திரமா போயிட்டு வாங்க என்றாயே, நீ எங்கே போனாய்?'

பஸ் ஸ்டாப்பிலேயே நின்றேன். பஸ் போனது. போன் அடித்தது.

"பாத்தீங்களா மாமா? நூறு போஸ்டர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிரலாம். நாளைக்குக் காலைல பிரிண்ட்டுக்குப் போகுது. ஓகேதானுங்களே?"

"அந்த வரி வேண்டாம் நவநீ."

"அய்யோ, அது அம்மா சொன்னதுங்க. அக்கா சொன்னத ஊரே படிக்கணும்னு ஒரே பிடியா நிக்கறாங்க. நீங்களே பேசிக்கங்க மாமா."

பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கண்ணாடி முழுக்க மழை. கிணத்துக்கடவு வரை ஒரு பொய் தேடினேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சொல்லலாம். இடம் போதவில்லை என்று சொல்லலாம். அதன் பிறகு தேடவில்லை. நூறு சுவர்களில் என் பொய் அவள் முகத்துக்குக் கீழே நிற்கும். மழையில் ஊறி, கிழிந்து, அப்போதும் பாதி நிற்கும்.

அத்தை முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ள. இப்படி நனைஞ்சா வருவாங்க? கொடியில துண்டு இருக்குது, எடுத்துக்குங்க."

துண்டை எடுக்கவில்லை. ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தை, போஸ்டர்ல அந்த வரி வேண்டாங்க."

"ஏனுங்க? அவ சொன்னதுதானுங்க?"

"அவ சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்."

கீரைக் காம்பு விரலில் நின்றது. வெளியே தகரக் கூரையில் மழை. அத்தை அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அப்ப எம்பொண்ணு என்னதான் சொன்னா?"

அந்த மூன்று வார்த்தைகள்தான் முதலில் வந்தன. நாக்கின் நுனியில் தயாராக நின்றன. சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அத்தைக்குப் புரியாது. அதற்குத்தானே கற்றுக்கொண்டேன்.

தமிழில் சொன்னேன். அன்று கம்பெனியில் ஆடிட் இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே, கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் நிமிரவில்லை. கேட்காதது போலக் கதவைச் சாத்தினேன். கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"இன்னைக்குப் போகாதீங்க. எனக்கு என்னமோ பண்ணுது."