சூடானால் நழுவும் கியர்

எட்டு மாதத்துக்கு முன்னால் தன் கையாலேயே பிரித்துப் பூட்டிய ஆட்டோமேட்டிக் கார் கியர்பாக்ஸ் அது. அதே கோளாறோடு திரும்பி வந்திருந்தது. மூன்றாம் கியர் விழும்போது எஞ்சின் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. மெக்கானிக் அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

லேத்தில் வேலை செய்யும் கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. வண்டியின் சொந்தக்காரி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். அன்று அவளுக்கு விடுமுறை. "உள்ள என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கறேனே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் கியரின் டிரம் எனும் உருளையைத் திறந்தார்கள். அடுக்கியிருந்த பிளேட்டுகள் அடிபிடித்த சட்டி மாதிரி கருகிக் கிடந்தன.

"போன தடவை புதுசுதானே போட்டீங்க, அக்கா?"

"புதுசுதான் சிஸ்டர். ஆயில் அழுத்தத்துல இதெல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிக்கணும். பிடி தளர்ந்தா உரசும், உரசினா கருகும். எங்க தளருதுன்னுதான் தெரியல."

புது பிளேட்டுகளை அடுக்கி, ஆயிலுக்குப் பதில் காற்றைச் செலுத்தினாள். டக்கென்று பிடித்தது. கசிவே இல்லை.

"சரியாத்தானே இருக்கு அண்ணி, பூட்டி அனுப்பிடலாம்" என்றான் கொழுந்தன்.

"போன தடவையும் இப்படித்தான் பிடிச்சுது, தம்பி."

நர்ஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "முதல் அரை மணி நேரம் வண்டி நல்லாத்தான் ஓடும். சூடானப்புறம்தான் மக்கர் பண்ணும். நீங்க ஆறிப்போனதைத்தானே சோதிக்கறீங்க? காய்ச்சல் இறங்கினப்புறம் தெர்மாமீட்டர் வச்சா என்ன தெரியும்?"

அண்ணி காற்றுக்குழாயைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் தனக்கு இது தோணவே இல்லையே!

பழைய வாணலியில் ஆயிலைச் சுட வைத்து, டிரம்மை அதில் முக்கி, இடுக்கியால் எடுத்துத் தண்டில் மாட்டினாள். காற்றைத் திறந்தாள்.

உஸ்ஸ்.

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. டிரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டியபோது தெரிந்தது. ஆயில் கசியாமல் அடைக்கும் தண்டின் வளையம் உரசி உரசி, டிரம்மின் அலுமினிய உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படாத அளவு பள்ளம் விழுந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது வளையம் எப்படியோ அடைத்துக்கொண்டது. சூட்டில் அலுமினியம் விரிந்ததும் வழி விட்டுவிட்டது.

அந்த மாடலுக்குப் புது டிரம் கிடைக்காது. கொழுந்தன் உட்சுவரைக் கடைந்து, அதற்கு ஓர் எஃகுக் குழாய் செய்தான். குழாயை ஐஸ் பெட்டியில் குளிர வைத்துச் சுருக்கி, டிரம்மைச் சுட வைத்து விரித்து, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். முதல் குழாய் கைக்கு வந்து சேர்வதற்குள் சூடேறிப் பாதியில் சிக்கியது.

"போச்சு!" என்று தலையில் கைவைத்தான். அதைக் கடைந்தெடுத்துவிட்டு இன்னொன்று செய்தான். இந்த முறை ஐஸ் பெட்டியை நர்ஸே மேஜை ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழாய் வழுக்கிப் போய் உட்கார்ந்தது. குழாய் மறைத்த ஆயில் துளையைத் திறந்து, அளவுக்குக் கடைந்து, மறுபடி சுட வைத்துக் காற்றை விட்டார்கள். சத்தமே இல்லை.

மறுநாள் கியர்பாக்ஸை வண்டியில் பூட்டி, மூன்று பேரும் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு மேம்பாலம் ஏறினார்கள். மூன்றாம் கியர் கப்பென்று பிடித்தது. "ஏறுது, ஏறுது!" என்று நர்ஸ் கத்தினாள்.

அவள் போனதும் அண்ணி பழைய நோட்டைப் புரட்டி, தன்னிடம் அதே மாடல் கியர்பாக்ஸைச் சரி பார்த்துப் போன ஒருவருக்குப் போன் போட்டாள்.

"வேலில போற ஓணானை எதுக்கு அண்ணி மடியில விட்டுக்கறீங்க?" என்றான் கொழுந்தன்.

"ஓணான் இருக்கா இல்லையான்னு தெரிய வேண்டாமா?" என்றவள் போனில் கேட்டாள். "சார், வண்டி சூடானப்புறம் மூணாவது கியர் நழுவுதா?"



"நேத்துலேர்ந்துதாம்மா. உங்களுக்கு யார் சொன்னா?"