பூச்சி உட்கார்ந்த நேரம்

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கையை உயர்த்தியதும் பங்களாப் பூந்தோட்டத்தில் இருந்த எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தண்ணீர் வாளியைக் கீழே வைக்கப் போன சிங்கராயர் அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பதுளை டவுனிலிருந்து வந்திருந்த படக்கடை மர்ஸூக் முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். அவருடைய படப்பெட்டிக்கு எதிரே, கொடிப் பந்தலின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில் மஞ்சளும் கறுப்புமாக அது வந்து உட்கார்ந்திருந்தது.

நமுனுகுல மலைப் பக்கம் யாருமே கண்டிராத வண்ணாத்திப்பூச்சி என்று துரை சொல்லியிருந்தார். படம் பிடித்துச் சீமைக்கு அனுப்ப வேண்டுமாம். பூச்சி வந்தால் யாரும் அசையக் கூடாது, இருமக் கூடாது. முதலாளி பெட்டியின் மூடியைக் கழற்றித் திரும்ப மூடும்வரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அந்தத் தோட்டத்தில் எந்த மனுஷனுக்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. ஆனால் சிங்கராயருக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பூந்தோட்ட வேலைக்காரரான அவர் நட்ட கொடி அது. தன் கொடியைத் தேடிப் பூச்சி வந்ததில் அவருக்குப் பெருமைதான். முந்தின நாள் மாலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மகளை மடியில் போட்டுக்கொண்டு அதன் செட்டை அழகைச் சொல்லியிருந்தார். காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த அற்புதமலர், "எனக்குக் காட்டுறியாப்பா?" என்று கேட்டாள். காட்டுகிறேன் என்றார்.

இப்போது பூச்சி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர் மனைவி லூசியா வந்தாள். பந்தலுக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்து, மகளைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டபடி நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சிங்கராயர் உதட்டில் விரல் வைத்தார். பூச்சியைக் காட்டத்தான் பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தார். சிரிப்புகூட வந்தது. அசையாமல் நின்று பார் என்று கண்ணால் சொன்னார்.

லூசியா நின்றாள். பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். துரை சொல்லாமல் மாட்டு வண்டி தர முடியாது என்று கணக்கப்பிள்ளை கையை விரித்துவிட்டார். இவ்வளவையும் சொல்லத்தான் மலையேறி ஓடி வந்தாள். துரை கையை இறக்கவில்லை, புருஷன் விரலை எடுக்கவில்லை. பூச்சி செட்டையை விரித்தது, மடக்கியது. முதலாளி மூடியைக் கழற்றினார்; மெல்ல எண்ணி முடித்து மூடினார்.

பூச்சி பறந்த பிறகுதான் லூசியா கத்தினாள். கம்பளியை விலக்கிப் பார்த்தபோது பிள்ளையிடம் மூச்சு இல்லை.

"மொதல்லே ஏன் சொல்லலே?" என்றார் துரை. நிஜமாகவே அவருக்கு முகம் வெளுத்திருந்தது. கேட்டிருந்தால் வண்டியைக் கொடுத்திருப்பார். சிங்கராயரால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியும் லூசியா அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

"பந்தலுக்கிட்ட நிக்கிறப்ப புள்ளைக்கு உசுரு இருந்துச்சாங்க? கழுத்துல அவ கை பட்ட மாதிரி இருந்துச்சு."

"காத்துல கம்பளி ஆடியிருக்கும். நீ பாத ஏறும்போதே போயிருச்சு லூசியா."

கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி அவரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் சோறு தின்றார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம் மர்ஸூக் முதலாளி லயத்துக்கே வந்தார். துணியில் சுற்றிய படத்தைப் பிரித்து நீட்டினார்.

"பூச்சி சரியா விழல்லண்டு தொர வாணாண்டுட்டாரு. ஆனா பாருங்க, ஒங்கட புள்ளட மொகம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. வச்சிக்கோங்க."

சிங்கராயர் பார்த்தார். பூச்சி இருந்த இடத்தில் புகைபோல் வெறும் கலங்கல். அதற்குப் பின்னால் லூசியா அசையாமல் நின்றாள். அவள் தோளில் சாய்ந்த அற்புதமலரின் கன்னம், நெற்றி மயிர், கம்பளியின் ஒவ்வொரு நூல், எல்லாமே எண்ணிவிடலாம்போல் இருந்தன. லூசியாவின் கழுத்தோரம் மட்டும், பிள்ளையின் கை இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு சின்னப் புகை.

"இது ஏங்க மொதலாளி இப்பிடி?" கழுத்தோரத்துப் புகையைக் காட்டிக் கேட்டார் சிங்கராயர்.

"அசஞ்சா அப்புடித்தான் விழும். பூச்சிக்கும் அதுதானே நடந்திச்சி." நல்ல மனுஷன், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டு மழைக்கு முன் டவுன் போகக் கிளம்பினார்.

கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு லூசியா வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சிங்கராயர் படத்தைக் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக் காட்டினார். அவருடைய கட்டைவிரல் அந்தக் கழுத்தோரத்தில் அழுந்தியிருந்தது.

"ஆத்தாடி, தூங்குற மாதிரியே இருக்கா." அவள் படத்தைத் தொடப் பயந்து, குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு, "வெரல எடுங்க," என்றாள். "கையயும் பாத்துக்கிறேன்."

அவர் எடுக்கவில்லை. லூசியா அந்த விரலை மெல்லப் பிடித்தாள்.