வால் உதிர்த்த செல்கள்

"யாரையாவது பிடிச்சிருந்தா வாயைத் திறந்து கேட்டுடேன்டி," என்றாள் அம்மா.

"கேட்டா அவர் சரின்னு சொல்லிடுவாரும்மா. அதான் பயம்."

மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு. அம்மா அதற்குமேல் துருவவில்லை. பத்தொன்பது வயதில் புற்றுநோய்க்காக எனக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள். நோய் போய்விட்டது. உடைந்த உடம்பை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

எனக்கு அமைந்த ஆய்வுக்கூட வேலையும் அவை இரண்டையும் பற்றியதே. கதிர்வீச்சும் ரசாயனமும் செல்லுக்குள் டி.என்.ஏ.வை எப்படி உடைக்கின்றன என்று ஒப்பிடுகிறோம். செல்லை ஜெல்லில் பதித்து மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த துண்டுகள் பின்னால் இழுபட்டு மைக்ரோஸ்கோப்பில் வால் நட்சத்திரம்போலத் தெரியும். வால் நீண்டால் சேதம் அதிகம்.

கீழ்த்தளத்தில் கதிர் இயந்திரத்தை இயக்குபவர்தான் அம்மாவிடம் நான் சொன்ன 'அவர்'. எல்லோருக்கும் கதிர்க்காரர்.

ஒருநாள் சோதனைக்கு ரத்தம் தருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார். என் ரத்தத்தையே எடுக்கச் சொன்னேன். ஒரு பங்கில் நானே ரசாயனம் சேர்த்தேன். மீதியை இரண்டு குழாய்களில் அடைத்துக் கதிர்க்காரரிடம் கொடுக்கும்போது, "என் ரத்தம், பத்திரம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

கதிர் பட்டதும் குழாயை ஐஸில் வைக்க வேண்டும். சூடு இருந்தால் செல் தன்னைத் தானே பழுதுபார்க்கத் தொடங்கிவிடும். அவரோ ஒன்றை ஐஸில் வைத்து, மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நடுவில் லிஃப்ட் நாற்பது நிமிடம் நின்றுவிட்டது.

பத்து வருட அனுபவத்தை எங்கே அடகு வைத்தீர்கள் என்று கடிந்துகொண்டேன்.

"ஐஸ்ல ஒண்ணுக்குத்தான் இடம் இருந்துச்சு. மத்தது பெட்டியில உருண்டு உடைஞ்சிட்டா? உங்க ரத்தம்னு சொன்னீங்களே," என்றார் தரையைப் பார்த்து.

மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். ஐஸில் இருந்தவற்றுக்கு நீண்ட வால். பையில் வந்தவை? உருண்டை உருண்டையாக, வாலின் சுவடே இல்லாமல். மறுபடி எண்ணினேன். நூற்றில் எண்பதுக்கு மேல் முழுசு.

ரசாயனம் பட்டவை அப்படியில்லை. ஒப்பிடுவதற்காக அவற்றையும் நாற்பது நிமிடம் சூட்டில் வைத்திருந்தேன்; வால் குறையவே இல்லை. மாலைவரை சூட்டில் வைத்திருந்ததில்தான் வால் பாதியாகியிருந்தது. மெதுவாக, ஆனால் விடாமல்.

கண்ணை எடுக்க முடியவில்லை. ஏவ ஆளில்லை, பார்க்க ஆளில்லை. ஒரு சட்டைப் பைக்குள், நின்றுபோன லிஃப்டில், லட்சக்கணக்கான செல்கள் தங்களைத் தைத்துக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருடமும் எனக்குள் இதுதான் நடந்திருக்கிறது. நான்தான் என்னை உடைசல் கணக்கில் வைத்திருந்தேன். இதெல்லாம் எனக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் ஃபோனை எடுத்தேன்.

அவரை மேலே வரச்சொன்னேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"யாரு சரிபண்ணினது?" குரல் அடங்கியிருந்தது.

"யாருமில்ல. அதுங்களே."

அவர் நிமிரவில்லை. முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மூணு வருஷமா வாய் வரைக்கும் வந்து நிக்குது," என்றேன். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"