மொசெலுக்கு ஓர் இலை

1

இது நான் யோசித்துப் பிடித்த கதையல்ல. மலாக்காவில், ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜெயபாலன், எனக்குச் சட்டைத்துணி கிழித்துக்கொண்டே சொன்னது. அவனுக்குச் சொன்னவர் காஜா பேராங்கில் இருக்கும் ஒரு மலாக்கா செட்டி. ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் வீட்டில் ஒரு யூதப்பெண் ஒளிந்திருந்தாளாம். பெயர் மொசெல், ரேடியோ பழுது பார்க்கிறவள். திருட்டுத்தனமாக ரேடியோ கேட்டு, காட்டிலிருந்த போராளிகளுக்குச் சேதி அனுப்பினாளாம். பிறகு பிடித்துக்கொண்டு போனார்களாம். அன்று துணியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "சிங்கப்பூர் லாரியின் இருட்டில் இரண்டு கண்கள் நெருப்பாய்..."

வேண்டாம். ரேடியோ பழுது பார்க்கிறவளுக்கு நெருப்புக் கண் எதற்கு?

இரண்டாவது: "மொசெல் பிறவியிலேயே வீராங்..."

இதுவும் பொய். சிங்கப்பூரில் ஜப்பான்காரர்கள் யூதர்களைக் கையில் அடையாளப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். மொசெல் கட்டாமல் மலாக்காவுக்குக் கிளம்பி வந்துவிட்டாள். அந்தச் செட்டி வீட்டின் இளம் விதவையான அன்னம் அவளைப் பினாங்குச் சொந்தம் என்று ஊரில் சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டாள். உயிர்போகிற காரியம். ஏன் செய்தாள்? ஜெயபாலனைக் கேட்டேன்.

"வாசல்ல வந்து நின்னிருக்கும். இந்தம்மா சாப்டியான்னு கேட்டிருக்கும். அவ்ளோதான் லா. நீதான் காரணம் காரணம்னு அலையிற."

(இன்னொரு தலைவலி. மலாக்கா செட்டிகள் இந்துக்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். மொசெலும் அவர்களிடம் மலாய்தான் பேசியிருப்பாள். ஆக, ஜெயபாலனைத் தவிர இந்தக் கதையில் யாருக்கும் தமிழ் வராது. கதையோ தமிழ்க்கதை. அவர்கள் வாயில் தமிழைத் திணிக்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.)

3

போகியன்று செட்டி வீடுகளில் பர்ச்சு. இறந்தவர்களுக்கு ஆளுக்கோர் இலை போட்டு, பிடித்ததைப் படைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். இறந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளே போகக்கூடாது. 1944 பர்ச்சில், கதவு சாத்தியிருந்த நேரம் பார்த்து ஜப்பானிய ராணுவப் போலீஸ் சோதனைக்கு வந்தது. மொசெல் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் படையல் அறைக்குள் புகுந்துவிட்டாள். அன்னத்துக்கு மட்டும் தெரியும். அவள் கணவனின் அண்ணன் விநாயகத்துக்குத் தெரியாது. அதனால்தான் குரல் நடுங்காமல் கதவை மறித்தார்.

"உள்ள எங்க பெரியவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

அதிகாரி [தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்] [விநாயகத்தை ஓங்கி அறைந்தார்] போய்விட்டார். இரண்டையும் அடித்துவிட்டேன். ஒன்று சினிமா, மற்றது பழைய சினிமா.

மொசெல் ஜன்னல் வழியாக வெளியேறிய பிறகு கதவைத் திறந்தார்கள். இறந்துபோன சுப்புராமனின், அதாவது அன்னத்தின் கணவனின், இலை காலி. மரவள்ளிக்கிழங்கே சோறாகிவிட்ட வருஷம் அது. பசித்தவள் தின்றுவிட்டாள்.

"தம்பி வந்துட்டான்! வந்து சாப்பிட்டுட்டான்!" விநாயகம் அழுதேவிட்டார்.

அன்னம் இலையைப் பார்த்தாள். இறால் சம்பால் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. சுப்புராமன் இறாலுக்கு உயிரை விடுகிறவன். மொசெலுக்கோ இறால் ஆகாது. அவர்கள் வேதம் விலக்கியது. அன்னம் இலையை மடித்து எடுத்துப் போனாள்.

இதுவரை படித்த ஜெயபாலன் கேட்டான்: "நீ போராட்டக் கதை எழுதுறியா, சமையல் குறிப்பு எழுதுறியா?"

எரிச்சல் வந்தது. அவன் கேட்டதில் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

4

அந்த வருஷக் கடைசியில் மொசெலைச் சந்தையில் பிடித்தார்கள். ராணுவப் போலீஸ் காவலில் என்ன நடந்தது என்று எழுதிப் பார்த்தேன். என்மீதே அருவருப்பு வந்து கிழித்துப் போட்டேன். தெரிந்தது ஒன்றுதான்: அன்னத்தின் வீட்டுக்கு யாரும் தேடி வரவில்லை. அப்படியானால் மொசெல் வாயைத் திறக்கவில்லை. இதுதான் அவளுடைய வீரம். சிலை வைக்கவும் உதவாது, ஒரு காட்சி எழுதவும் உதவாது. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள்.

5

1945 பர்ச்சு. விநாயகம் ஓர் இலை கூடுதலாக நறுக்கி வைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கும் போடு, அன்னம். அங்க போனவங்க யாரு திரும்பி வந்தா? நமக்காகச் செத்தவள பட்டினி போடாத."

"செத்தான்னு யாரு பாத்தா, அபாங்? உசுரோட இருக்கறவளுக்கு இலை போட்டா, நானே அவள அந்தப் பக்கம் அனுப்பின மாதிரி ஆயிடாதா?"

('அபாங்' என்றால் அண்ணன். ஒரு சொல்லையாவது அவர்களுக்கே விட்டுவைக்கிறேன்.)

முடிவு அ: அன்னம் இலை போடுகிறாள். ஜப்பான் சரணடைந்த பிறகு எலும்பும் தோலுமாய் மொசெல் வாசலில் வந்து நிற்கிறாள். அன்னத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவி...

முடிவு ஆ: போடவில்லை. மொசெல் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. சாத்திய கதவுக்குப் பின்னால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவள் மட்டும் நின்று...

உண்மையில் என்ன நடந்ததென்று ஜெயபாலனுக்குத் தெரியாது. அவனுக்குச் சொன்னவருக்கும் தெரியாது. அவள் திரும்பி வந்தாளா என்றுகூடத் தெரியாது. எனக்கு அலுத்துவிட்டது, அழுகையும் வருகிறது. இலையை நீங்களே பிடியுங்கள். உள்ளே மற்ற இலைகளில் பரிமாறியாகிவிட்டது, விநாயகம் கதவைச் சாத்தக் காத்திருக்கிறார். போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

போடுவதானால், இறால் வைக்காதீர்கள்.